ஒரு ஜோடிச் சின்ன மேசை

என் அப்பாவும் மாமாவும் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் நடுவில் நான் வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில் எங்கள் வீடு. வாய்க்காலை ஒட்டிய மேற்குக் கோடியில் மாமா வீடு. அந்தத் தூரத்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை ஓடியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. “ஒன் மாமன்ட்டப் போயிச் சொல்லு” என்று அப்பா ஆரம்பித்தால் நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்வேன். “ஒங்கப்பாட்டச் சொல்லு” என்று மாமா முடிப்பதற்குள் பாதித் தெரு வந்திருப்பேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவர் கட்டியிருந்தது அப்பாவின் தங்கையை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. இரண்டு பேரும் தச்சு வேலைக்காரர்கள். ஒரு காலத்தில் ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களாம். எனக்கு விவரம் தெரியும்போது பட்டறை இரண்டாகியிருந்தது. அப்பா நிலை, கதவு, ஜன்னல் என்று செய்வார். மாமா கட்டில், பெட்டி, தொட்டில். ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நான் கேட்டதில்லை. வாய்க்கால் தண்ணீர் ஏன் ஒரே பக்கமாக ஓடுகிறது என்று யாராவது கேட்கிறார்களா? அதுபோல இதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

எனக்குக் குழப்பம் வேறு ஒன்றில். மாமா வீட்டில் அத்தை இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமா இருந்த இடத்தில் அத்தையும் இருந்தார்கள். அம்மாவைக் கேட்டால், “சிலோனுக்குப் போயிருக்காக” என்பாள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் என்னைத் தனியாகப் பிடித்து, “ஒங்கத்தை ஆத்தோட போயிட்டாடி” என்றாள். ஆற்றோடு போனால் சிலோன் வரும்போலிருக்கிறது என்று நான் இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டேன். அத்தை முகம் எனக்கு நினைவில் இல்லை. அவள் போனபோது எனக்கு நாலு வயது. அந்தப் பேச்சை எடுத்தால் அப்பா உளி தீட்டப் போய்விடுவார். மாமாவிடம் எடுக்கவே பயம்.

அது உலகச் சண்டைக்காலம். போடிக்குப் போகிற ரயில் தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட சமயம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. அப்படி ஒரு கரி வண்டியில் வந்து இறங்கிய கம்பவுண்டர் ஒருவர் ஒருநாள் காலை எங்கள் வீட்டைத் தேடி வந்தார். தேனியைத் தாண்டிப் பெரியகுளம் சாலையில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. அங்கே இருந்த அமெரிக்கா டாக்டரம்மாவுக்கு ஒரு ஜோடி மேசை வேண்டுமாம். படம் போட்ட காகிதம் ஒன்றை விரித்துக் காட்டினார்.

அப்பா காகிதத்தை நேராகப் பிடித்துப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். சாப்பிட உட்காரவும் ஆகாது, மேலே ஏறி நிற்கவும் ஆகாது. அத்தனை சின்ன மேசை.

“இது எதுக்குங்க?” என்றார்.

“எண்டு டேபிள்னு பேரு. நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. காப்பி குடிச்சா டம்ளர அதுல வைப்பாக.”

“தரையில வச்சா காப்பி கோவிச்சுக்கிருமா?”

கம்பவுண்டர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்தே மீதியையும் சொன்னார். இரண்டு மேசையிலும் கறுப்பு மரமும் மஞ்சள் மரமும் கலந்து வர வேண்டும். ஒன்றில் நடுப்பலகை கறுப்பு, சுற்று மஞ்சள். மற்றதில் நடு மஞ்சள், சுற்று கறுப்பு. ஒன்றை அப்பா செய்ய வேண்டும், இன்னொன்றை மேலக்கோடியில் இருக்கும் அவர் மைத்துனர் செய்ய வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் வாங்கமாட்டார்களாம்.

அப்பா நிமிர்ந்தார். “அந்தம்மாவுக்கு எங்க ரெண்டு பேரையும் எப்புடித் தெரியும்?”

“ஒங்க வேலையப் பத்திக் கேள்விப்பட்டிருக்காக” என்று கம்பவுண்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

தன் கதவுகளின் புகழ் அமெரிக்கா வரைக்கும் எட்டிவிட்டதில் அப்பாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனாலும் முடியாது என்றார். அவன் தொட்ட பலகையோடு என் பலகையைச் சேர்த்து வைப்பதா என்றார். அடுப்படியிலிருந்து அம்மா வந்து நின்றாள். வந்தவர்கள் முன்னால் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. அன்று பேசினாள்.

“நாலு வருசமா நான் எந்தம்பி வீட்டுப் படி மிதிக்கல. நீங்க சொல்லித்தான் மிதிக்கல. இந்த வேலைய ஒத்துக்கங்க. இல்லேன்னா நானே போயி அவன்ட்டப் பேசுறேன்.”

அப்பா கம்பவுண்டரிடமிருந்து காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒன் மாமன்ட்டப் போயிச் சொல்லு” என்றார்.

அப்படித்தான் அந்த வேலை ஆரம்பமாயிற்று.

கறுப்பு மரம் அப்பாவிடம் இருந்தது. குமுளிப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த ஈட்டி மரம். பலகை பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் இழைத்தால் உள்ளே ஊதா ஊதாவாக வரி ஓடும். கல்லைப்போல உளியை மழுக்கும். மஞ்சள் மரம் மாமாவிடம் இருந்தது. நாலைந்து வருஷமாகக் காயப்போட்ட பலா. இரண்டு மேசைக்கும் இரண்டு மரமும் வேண்டும் என்பதால் பாதி ஈட்டி மேற்கே போக வேண்டும், பாதிப் பலா கிழக்கே வர வேண்டும். பெரிய பலகைகளைக் கூலிக்காரர் தூக்கினார். சட்டங்களை நான் தலையில் சும்மாடு வைத்துச் சுமந்தேன். ஈட்டித் தூள் மூக்கில் ஏறித் தும்மல் போடும். பலாத்தூள் வேர்வையில் கரைந்து கை மஞ்சளாகிவிடும். அந்த மாதம் முழுக்க நான் மஞ்சள் பூசிக் குளித்தவளைப்போலத் திரிந்தேன்.

சட்டங்களைவிடப் பேச்சைச் சுமப்பதுதான் கஷ்டம். “இழைப்புளி பிடிக்கத் தெரியாதவனுக்கு ஈட்டி ஒரு கேடா” என்று அப்பா சொல்லுவார். அதைப் போய்ச் சொல்லவா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. முதல்முறை அப்படியே சொன்னேன். மாமா, “கதவுக்குத் தாழ்ப்பா வைக்கிற ஆளுக்கு மேசை ஒரு கேடான்னு கேளு” என்றார். அதையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தேன். அப்பா முகம் கறுத்துப்போய் அன்று முழுக்க வேலையே செய்யவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்காமல் வேறு எதற்கு வைப்பது, இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவேயில்லை. அம்மா என்னைப் பின்பக்கம் இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள். “சொன்னதையெல்லாம் சொல்லுவியா? வேலைக்கு வேண்டியத மட்டும் சொல்லு.”

அதற்குப் பிறகு வேலைக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன். ஆனால் அப்படிச் சொன்னால் பேச்சு ரொம்பக் குட்டையாக இருந்தது. இவ்வளவு தூரம் ஓடிவந்து ‘ரெண்டு முழச் சட்டம் நாலு’ என்று மட்டும் சொல்வது நன்றாக இல்லை. ஒருநாள் நானாகவே, “மாமா சாப்பிட்டாகளான்னு அப்பா கேட்டாக” என்று சேர்த்துவிட்டேன்.

மாமா உளியைக் கீழே வைத்தார். “அப்புடியா கேட்டாக?”

“ஆமா.”

அவர் உள்ளே போய் ஒரு துண்டுக் கருப்பட்டி எடுத்துவந்து கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டே வீட்டுக்கு வந்து, “அப்பாவுக்கு முதுகு வலி தேவலையான்னு மாமா கேட்டாக” என்றேன். அப்பா ‘ம்’ என்றார். சற்று நேரம் கழித்து, தேவலை என்று சொல்லச் சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பொய் சொன்னதற்கு யாரும் அடிக்கவில்லை, உள்ளதைச் சொன்னதற்குத்தான் கிள்ளு விழுந்தது. இந்தப் பாடம் பள்ளிக்கூடத்தில் சொன்னதற்கு நேர்மாறாக இருந்ததால் நான் பெரிதும் குழம்பிப்போனேன்.

அளவுக் காகிதம் அப்பாவிடம் இருந்தது. ஒரு காலையில் அவர் என்னை நிறுத்தி, “அகலம் பதினாறு இஞ்சு, நீளம் இருபது இஞ்சு, ஒசரம் இருபத்தி ரெண்டு இஞ்சு. மூணு தடவ சொல்லிக் காட்டு” என்றார். சொல்லிக் காட்டினேன். பதினாறு, இருபது, இருபத்தி ரெண்டு என்று வாயில் உருட்டிக்கொண்டே போனேன். நடுவில் ராவுத்தர் வீட்டு வாசலில் என் வகுப்புக்காரி ஒருத்தி தரையில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு ஆட்டம் என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டம் கட்டமாகத் தாவி முடித்தபோது என் வாயிலிருந்த எண்கள் எங்கோ போயிருந்தன. நின்று யோசித்தேன். பதினாறு வந்தது. இருபது வந்தது. பதினாறுக்கும் இருபதுக்கும் நாலு வித்தியாசம். அப்படியானால் அடுத்தது இருபத்தி நாலாகத்தானே இருக்க வேண்டும்? மாமாவிடம் போய், “பதினாறு, இருபது, இருபத்தி நாலு” என்று ஒரு தடங்கலும் இல்லாமல் ஒப்பித்தேன். அவர் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்துக்கு மேல் வேலை நடந்தது. இரண்டு பட்டறையிலும் வஜ்ஜிரப் பசை காய்ச்சினார்கள். தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை என்பதால் கொல்லைப்புறத்தில் தனிச் சட்டியில்தான் அதை உருக்க வேண்டும். அந்த நாற்றத்தில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்தாள். அப்பா கறுப்புப் பலகையின் நாலு ஓரத்திலும் மஞ்சள் சட்டத்தைப் பொருத்தி, மூலைகளை அறுத்துச் சேர்த்து, கயிற்றால் முறுக்கிக் கட்டிக் காயவிட்டார். மறுநாள் கயிற்றை அவிழ்த்து மூலையில் நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் எங்கும் மாட்டவில்லை. வாய்க்கால் கரையிலிருந்து நான் பிராய் இலை பறித்துவந்தேன். பூனை நாக்கைப்போலச் சொரசொரப்பான அந்த இலையால் தேய்த்துத் தேய்த்துப் பலகையைக் கண்ணாடியாக்கினார்கள். கடைசியில் தேன்மெழுகு. அப்பாவின் மேசை ராத்திரிக்கு மஞ்சள் கரை வைத்ததுபோல இருந்தது. மாமாவின் மேசை பழுத்த சுளைக்கு மை தீட்டியதுபோல இருந்தது. இரண்டையும் பார்த்தது நான் ஒருத்திதான். எது அழகு என்று இரண்டு பேருமே என்னை ஜாடையாகக் கேட்டார்கள். இரண்டு பேரிடமும், “ஒங்களுதுதான்” என்றேன்.

கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் வந்தது. என்னையும் அழைத்துப்போவது என்று முடிவாயிற்று. என்மேல் ஆசையால் இல்லை. வழியில் இரண்டு பேரும் பேச வேண்டி வந்தால் என்ன செய்வது?

விடிந்ததும் கரி வண்டியின் கூரையில் வைக்கோலும் சாக்கும் சுற்றிய இரண்டு மூட்டைகள் ஏறின. உள்ளே எனக்கு இடது பக்கம் அப்பா, வலது பக்கம் மாமா. “கயிறு இறுக்கமா கட்டியிருக்கான்னு கேளு.” “கட்டியிருக்குன்னு சொல்லு.” “மழை வந்தா நனையுமான்னு கேளு.” “சாக்கு போட்டிருக்குன்னு சொல்லு.” கண்டக்டர் என்னைப் பார்த்து, “ஏத்தா, இவுக ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?” என்றார். வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். ஏற்றம் வந்தபோது வண்டி மூச்சுவாங்கி நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தேனியில் இறங்கி மாட்டு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில்.

டாக்டரம்மாவின் பங்களாத் தாழ்வாரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதன் இரு பக்கமும் மேசைகளைப் பிரித்து வைத்தார்கள். டாக்டரம்மா வந்தார். சிவந்த முகம், வெள்ளைக் கவுன். நாங்கள் பேசும் தமிழ் அவருக்கு வராது. புத்தகத்தில் இருக்கும் தமிழ்தான் வரும். “மிகவும் அழகாயிருக்கின்றன” என்றார். குனிந்து தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியை நகர்த்திவிட்டு இரண்டு மேசைகளையும் ஒட்டி வைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஆனால் ஒன்று மட்டும் வளர்ந்துவிட்டது” என்றார்.

மாமாவின் மேசை இரண்டு விரல்கடை உயரமாக நின்றது.

அப்பா காகிதத்தை எடுத்து விரித்தார். “ஒன் மாமன்ட்டக் கேளு, அவனுக்கு இருபத்தி ரெண்டுன்னா எம்புட்டுன்னு கேளு.” மாமா, “ஒங்கப்பாட்டச் சொல்லு, எனக்கு வந்த அளவு இருபத்தி நாலு. சுவத்துல எழுதி வச்சிருக்கேன், வந்து பாக்கச் சொல்லு” என்றார். “வேணுமின்னே பண்ணிருக்கான்னு சொல்லு.” “வேணுமின்னே மாத்திச் சொல்லிவிட்டாகன்னு சொல்லு.” இரண்டு பேரும் என்னைப் பார்த்தே கத்திக்கொண்டார்கள். நான் யாரிடம் எதைச் சொல்ல? இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, “நாந்தான்! பாண்டி ஆடுனேன், மறந்துபோச்சு!” என்று ஓவென்று அழுதுவிட்டேன்.

உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். கையில் வளையல் இல்லை, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். நேராக என்னிடம் வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவர்களைப் பார்த்தாள்.

“நாலு வருசமாச்சு. இன்னமும் இந்தப் புள்ள வாயிலதான் பேசிக்கிறீகளா?”

அப்பா கையிலிருந்த காகிதம் கீழே விழுந்தது. அவர் அப்படியே தாழ்வாரப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா தன் மேசையை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு நின்றார். டாக்டரம்மாவுக்கே பயப்படாதவர்கள் இவளைக் கண்டு இப்படி வெளிறிப்போகிறார்களே, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மேலே இவள்தான் அதிகாரிபோலிருக்கிறது, இரண்டு அங்குலத்துக்கு என்ன தண்டனை கொடுப்பாளோ என்று பயந்தேன். டாக்டரம்மா உள்ளே போய்விட்டார்.

“ஒசந்தத அறுத்துச் சமமாக்குங்க. அதுதான் இப்ப வேலை” என்றாள் அவள். என்னைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்தின் மறு கோடிக்கு அழைத்துப்போனாள். செம்புத் தண்ணீரில் என் முகத்தைக் கழுவிவிட்டாள். வைக்கோல் தூசியும் கரிப்புகையும் ஏறியிருந்த என் தலையை அவிழ்த்து, தன் மடியில் சாய்த்துக்கொண்டு, சீப்பை எடுத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

“நீங்க யாரு?” என்றேன்.

“இங்கன பிரசவத்துக்கு வர்றவுகளுக்கு ஒத்தாசை பண்றவ.” ஒரு சிக்கை எடுத்துவிட்டு, “ஒங்கம்மா எப்புடி இருக்காக? இன்னமும் விடியமின்னே எந்திரிச்சு அம்புட்டுப் பேருக்கும் அவுகதான் ஆக்குறாகளா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் யார் சமைப்பது என்பது ஆஸ்பத்திரிக்கு எதற்கு என்று யோசித்தேன்.

அங்கிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பையிலிருந்து ரம்பத்தை எடுத்துவைத்து, மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கால்களில் கோடு போட்டார். அறுக்கும்போது ஆடாமல் பிடிக்க இன்னொருவர் வேண்டும். மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். நான் எழுந்திருக்கப் போனேன். அந்த அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

“மச்சான்” என்றார் மாமா. “கொஞ்சம் சாச்சுப் பிடிங்க.”

அப்பா படியிலிருந்து எழுந்துபோய்க் குந்தி உட்கார்ந்து மேசைக் கால்களைப் பிடித்தார். “அறு மாப்ள. நான் பிடிச்சுக்கிறேன்.”

நான் இல்லாமல் பேசுகிறார்கள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வேலை போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றியது. நாலு காலும் அறுபட்டு நாலு சின்ன மரக்கட்டைகள் கீழே விழுந்தன. மேசையை நிமிர்த்தி மற்றதன் பக்கத்தில் வைத்தார்கள். அப்பா உள்ளங்கையை விரித்து இந்தப் பலகையிலிருந்து அந்தப் பலகைக்கு இழுத்தார். கை எங்கும் தட்டாமல் போயிற்று.

அந்த அம்மா என் தலையைப் பின்னி முடித்துவிட்டு, இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெளியே போனால் கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கிறவர் இல்லை அப்பா. ஆஸ்பத்திரித் தண்ணீரென்றால் கேட்கவே வேண்டாம். அன்று டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். மாமா குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“வந்துருறியா?”

“எந்த வீட்டுக்கு?” என்றாள் அவள்.

அதட்டியோ அழுதோ கேட்கவில்லை. வழி கேட்பவள்போலக் கேட்டாள். மாமா டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குக் கல்யாணமாகி முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதுதான் தெரிந்தது. அம்மாதான், பின்னால் தான் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அத்தைக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. சொந்தக்காரர்கள் மாமாவுக்கு இன்னொரு பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் அத்தை ஒரு துணி மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் இருப்பதுதான் மரியாதை என்று சொல்லி அப்பா கதவைச் சாத்தினார். திரும்பிப் போனாள். அங்கே மாமா வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். வீட்டிலிருந்த உறவுக்காரர்கள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆற்றில் தேடினார்கள். நீங்கள் சாத்தியதால் போனாள் என்று மாமாவும், நீ ஊமையாய் இருந்ததால் போனாள் என்று அப்பாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளோ ஆற்றுப் பக்கமே போகவில்லை. சாலையோடு நடந்து தேனிச் சந்தையில் காய்ச்சலில் விழுந்து, யாரோ ஒரு வண்டிக்காரர் கொண்டுவந்து சேர்த்த ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள்.

அன்று தாழ்வாரத்தில் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவள் சொன்னது மட்டும் ஞாபகமிருக்கிறது.

“இங்கன தெனம் பிள்ளை பொறக்குது. நான் போயிக் கை குடுக்கணும். அத விட்டுட்டு எங்கிட்டு வர? மேசை வேணுமின்னு டாக்டரம்மா கேட்டப்ப நாந்தான் ஒங்க ரெண்டு பேரையும் சொன்னேன். ஒண்ணா நிக்கிறதப் பாக்கணும்னு இருந்துச்சு. பாத்துட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “ஊர்ல யாருட்டயும் சொல்லாதீக. வீட்ல இவ அம்மாட்டயும் சொல்ல வேணாம். தெரிஞ்சா கெளம்பி வந்துருவாக. சத்தியம் பண்ணுங்க” என்றாள்.

அப்பா கையை நீட்டினார். மாமாவும் நீட்டினார். இரண்டு கையின்மேலும் அவள் தன் கையை வைத்தாள். மேசை செய்தவர்கள் எதற்குச் சத்தியம் செய்கிறார்கள்? இனிமேல் அளவு தப்பாமல் செய்வோம் என்று சத்தியம் வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது வண்டியில் என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் யாரோ வீடு கட்டுவதையும் நிலைக்கு எந்த மரம் நல்லது என்பதையும் பேசினார்கள். இவ்வளவு பேச்சை எங்கே வைத்திருந்தார்களோ. நடுநடுவே மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அவர் தொடைமேல் கை வைத்து அப்படியே வைத்திருந்தார். சண்டை போட்டபோது இரண்டு பேரும் எவ்வளவு தெம்பாக இருந்தார்கள்! சமாதானம் ஆனவர்கள் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்? என்னிடம் ஒருவரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. நான் கண்ணை மூடித் தூங்குவதுபோலப் பாசாங்கு செய்து, தூங்கியே போனேன்.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாமாவும் எங்கள் வீட்டுக்குள் வந்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு தம்பி படியேறி வருகிறான், அம்மா வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள். “மேசை பிடிச்சிருந்துச்சா?” என்றாள். “பிடிச்சிருந்துச்சு” என்றார் அப்பா. அவ்வளவுதான். அம்மா என்னை இழுத்து அணைக்க வந்தவள், என் முதுகில் கிடந்த பின்னலைத் தொட்டாள். தொட்ட கை நின்றுவிட்டது.

அம்மா எனக்கு எப்போதும் மூன்று கால் எடுத்துத்தான் பின்னுவாள். அது நாலு கால் எடுத்துக் கயிறு முறுக்கியதுபோலப் பின்னிய பின்னல். எங்கள் தெருவில் அப்படிப் பின்னத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள் என்பதும், சின்ன வயதிலிருந்து அம்மாவின் தலையை அவள்தான் அப்படிப் பின்னிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரியாது.

“யாரு போட்டா இந்தப் பின்னல?”

“ஆஸ்பத்திரி அம்மா.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா வாசலைப் பார்த்தார். அம்மா என்னை விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அம்மா என் தலையைச் சீவிவிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டவில்லை. தலை அரிக்கிறது என்றேன். “பெறகு பாக்கலாம்” என்றாள். அளவை மாற்றிச் சொல்லி மானத்தை வாங்கினேன் என்ற கோபம் என்று நினைத்து, கேட்காமலே தண்ணீர் எடுத்தேன், வீடு கூட்டினேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை, தலையைத் தொடவும் இல்லை. பின்னல் கலைந்து பிசிறு பிசிறாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்றார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அம்மா என்னைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்காரவைத்தாள். பின்னலை நுனியிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஒரு காலை எடுத்து, எதன்மேல் வந்தது, எதன்கீழ் போனது என்று பார்த்துப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே விலக்கினாள். என் கழுத்தில் ஒரு சொட்டு சூடாக விழுந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போலிருந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை. அம்மா பேன் பார்க்கிறாள் என்று நினைத்து, தலையைக் குனிந்து, அவள் முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.